இன்-இயர்ல பேஸ் சுத்தமா வரல, குரல் தகரம் மாதிரி கேக்குது, எங்க இருந்து சரி பண்ண ஆரம்பிக்கலாம்?

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா மண்டைய குடையுற விஷயம், இங்க தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தான் கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

போன மாசம் வயர் வச்ச இன்-இயர் (காது துவாரத்துக்குள்ள சொருகுற இயர்ஃபோன்) ஒண்ணு வாங்குனேன். சிங்கிள் டைனமிக் டிரைவர் (ஒவ்வொரு பக்கமும் சத்தம் உண்டாக்குற குட்டி ஸ்பீக்கர் ஒண்ணு), கேபிள் கழட்டி மாட்டுற டூ-பின் மாடல். பாத்த ரிவ்யூ எல்லாத்துலயும் பேஸ் (தாழ்ந்த ஒலி) ஆழமா இறங்குதுன்னு தான் சொல்றாங்க, என் காதுல மாட்டுனா பேஸே இல்ல. கிக் ட்ரம் ‘தம்’முன்னு நெஞ்சுல விழ வேண்டியது அட்டைப்பெட்டிய தட்டுற மாதிரி ‘டப் டப்’புன்னு வருது, பேஸ் கிட்டார் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு, பாடுறவங்க குரல் தகரத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி மெலிஞ்சு போய் கேக்குது. இதுல ‘ஸ’ வர்ற எடமெல்லாம் ஊசி குத்துற மாதிரி வேற.

இதுல ஒண்ணு மட்டும் புரியல. பாட்டு ஓடும்போது ரெண்டு பக்கமும் விரலால லேசா உள்ள அழுத்துனா சட்டுன்னு பேஸ் வந்துருது, விரல எடுத்தா போயிருது. டிரைவர் பழுதோன்னு பயமா இருக்கு. இடது பக்கம் வலது பக்கத்த விட கம்மியாவும் கேக்குது, வாங்குனப்ப அப்படி இல்ல, ஒரு வாரமாத்தான்.

போன்ல டைப்-சி டாங்கிள் (வயர் இயர்ஃபோன சொருகுற சின்ன அடாப்டர்) போட்டு கேக்குறேன். போன்ல இருக்குற ஈக்வலைசர்ல பேஸ் பூஸ்ட் முழுசா ஏத்தி வச்சிருக்கேன், அப்படியும் பெருசா ஒண்ணும் ஏறல, சத்தமான பாட்டுல கரகரன்னு உடையுது. வால்யூம் கிட்டத்தட்ட முழுசுல வச்சாத்தான் ஏதோ கேட்ட மாதிரி இருக்கு, ராத்திரி ஆனா காது களைச்சுப் போயிருது. தெரிஞ்சவர் ஒருத்தர் தனி டிஏசி (டிஜிட்டல் சத்தத்த இயர்ஃபோனுக்கு ஏத்த சிக்னலா மாத்துற கருவி) வாங்குன்றார், இன்னொருத்தர் 100 மணி நேரம் ஓட விடு, பர்ன்-இன் ஆகி (ஓட ஓட பழகி) சத்தம் நல்லாயிரும்ன்றார். மறுபடி காசு போடறதுக்கு முன்னாடி வேற எதையாவது பாக்கணுமா?

செவிவழி:

வணக்கம் நண்பா. விரலால அழுத்துனா பேஸ் வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரியிலயே பதில் இருக்கு. உங்க டிரைவர் நல்லா இருக்கு. சீல் ஆகல. டிப் (காதுக்குள்ள போற முனையில மாட்டுற மெத்துன்னு இருக்குற மூடி) காது துவாரத்த முழுசா அடைக்கல, ஏதோ ஒரு ஓரத்துல காத்து போக வழி இருக்கு, அழுத்தும்போது அந்த வழி மூடிக்குது.

ஏன் பேஸ் மட்டும் போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா புரியும், அதனால அத மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன். இன்-இயர்ல இருக்குற டிரைவர் 10 எம்எம் பக்கம் தான் இருக்கும், அவ்ளோ சின்ன தகடு வெட்டவெளியில பேஸ் குடுக்கவே முடியாது. டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கொஞ்சூண்டு காத்த அமுக்கி அமுக்கி இழுத்துத்தான் அது பேஸ் குடுக்குது. சைக்கிள் பம்ப் வாய விரலால மூடிட்டு அமுக்கிப் பாத்திருப்பீங்க, நல்லா மூடியிருந்தா அழுத்தம் ஏறும், விரல் ஒரு ஓரமா விலகுனாலும் புஸ்ஸுன்னு போயிரும், அதே தான் இங்கயும். பேஸ் மெதுவான அசைவு, அதனால அந்த ஓட்டை வழியா காத்து நழுவிப் போக நேரம் கிடைக்குது. ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, ரொம்ப வேகமான அசைவு, நழுவ நேரமே இல்ல. ஆக கீழ இருக்குறது காணாமப் போய் மேல இருக்குறது அப்படியே நிக்குது, நமக்கு அது தகரமாவும் ஊசியாவும் கேக்குது. உங்க ஈக்வலைசர் வேலை செய்யாததும் இதனால தான், ஓட்டைப் பானையில எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் நிக்காதுல்ல.

மாட்டுற விதம் முக்கியம். நேரா உள்ள தள்ளாதீங்க, காது துவாரம் நேரான குழாய் இல்ல, உள்ள ஒரு வளைவு இருக்கு. வலது காதுக்கு இடது கைய தலைக்கு மேலயோ பின்னாடியோ கொண்டு போய் காது மடல மேலயும் பின்னாடியும் லேசா இழுத்துப் பிடிங்க, வளைவு கொஞ்சம் நேராகும், அப்ப இயர்பீஸ சின்னதா திருகுன மாதிரி உள்ள விட்டு அப்புறம் மடல விடுங்க, தோல் தானா வந்து டிப்ப கவ்விக்கும். வாய லேசா திறந்துக்கிட்டு மாட்டுனா சிலருக்கு இன்னும் சுலபமா உக்காரும்.

அடுத்து சைஸ். பெட்டியில வர்ற மீடியம் டிப்ப மாத்தாமலே முக்கால்வாசி பேர் விட்டுர்றாங்க, இல்லன்னா உறுத்தலா இருக்குன்னு சின்னதுக்குப் போயிர்றாங்க. சின்ன டிப் சொகமா இருக்கும், ஆனா துவாரத்துக்குள்ள தொங்கிட்டு இருக்கும், அடைக்காது. அதுக்காக பெருசு எப்பவும் நல்லதுன்னும் இல்ல, அளவுக்கு மீறி பெருசா இருந்தா சிலிக்கான் மடிஞ்சு அந்த மடிப்பு வழியா காத்து போகும். ரெண்டு காதும் ஒரே அளவு இருக்கணும்னு சட்டமில்ல, ஒரு பக்கம் லார்ஜ் ஒரு பக்கம் மீடியம் போடறவங்க எத்தனையோ பேர், நானும் அப்படித்தான்.

சீல் ஆச்சான்னு பாக்க: பாட்டு போடாம மாட்டிக்கிட்டு பேசிப் பாருங்க. உங்க குரலே தலைக்குள்ள ‘கும்’முன்னு கேட்டா, நடந்தா காலடிச் சத்தம் உள்ள கேட்டா, அடைச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் 30, 40 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு மெல்லிசா போட்டு தாடைய அசைங்க, தலைய ரெண்டு பக்கம் திருப்புங்க. சத்தம் மங்கி மங்கி வந்தா எந்தக் காதுல கசியுதுன்னு கண்டுபிடிச்சிரலாம். பேஸ் பூஸ்ட அணைச்சிட்டு இதெல்லாம் பண்ணிப் பாத்துட்டு வாங்க.

நடுநிசி கேட்பாளர்:

செவிவழி அண்ணா சொன்னதுக்கு மேல சீல் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. அந்த ‘ஸ’ ஊசி பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா எனக்கு அது ரொம்ப நாள் இருந்துச்சு, இயர்ஃபோன மாத்துனேன், மாத்துன ஒவ்வொண்ணுலயும் அதே எடத்துல குத்துச்சு, கடைசியில பாத்தா குத்துனது என் காதுக்குள்ள இருக்குற அந்தச் சின்ன இடைவெளி.

ஒரு குழாய ரெண்டு முனையிலயும் அடைச்சா அது ஒரு குறிப்பிட்ட சுருதியில தானா ஒலிக்கும், அது நமக்குத் தெரிஞ்சது தான். இன்-இயர் மாட்டுனதும் நம்ம காதும் அதே மாதிரி ஆயிருது, ஒரு பக்கம் டிப், ஒரு பக்கம் செவிப்பறை. நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் பக்கம் மிச்சம் இருந்தா அந்த ஒலிப்பு சுமாரா 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல வந்து உக்காருது, ‘ஸ’ ‘ஷ’ சிம்பல் எல்லாம் சீறுற எடம் அது. டிப்ப இன்னும் உள்ள விட்டா இடைவெளி குறையும், அந்த மேடு இன்னும் மேல ஏறும், ஏற ஏற தொந்தரவு கம்மி. எடிமோட்டிக் கம்பெனி 1991ல கொண்டு வந்த ஈஆர்-4 மூணு அடுக்கு டிப்போட காதுக்குள்ள ரொம்ப ஆழமா போற மாதிரி தான் இருக்கும். எல்லா இயர்ஃபோனும் அவ்ளோ ஆழம் போகுற வடிவத்துல இருக்காது, அதனால பலவந்தமா தள்ளாதீங்க, வலிச்சா அங்கயே நிறுத்திருங்க. ஆனா ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் உள்ள போனாலே வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

டிப் விஷயத்துல இன்னும் கொஞ்சம். ஃபோம் டிப் உங்களுக்கு ஒத்துவரும்னு நினைக்கிறேன். விரல் நடுவுல நல்லா உருட்டி ஒல்லியாக்கி காதுக்குள்ள விட்டு அரை நிமிஷம் பிடிச்சுக்கணும், அது விரிஞ்சு துவாரத்தோட வடிவத்துக்கே வந்துரும், சீல் பத்தி கவலையே இல்ல, உயர் ஸ்வரங்களையும் லேசா மட்டுப்படுத்தும், அதனால ஊசியும் குறையும். குறைன்னு பாத்தா சில மாசத்துல தளர்ந்து போகும், மாத்தணும், தண்ணி பட்டா சீக்கிரம் கெடும். சிலிக்கான்லயே இருக்கணும்னா வாய் அகலமான டிப், வாய் குறுகலான டிப்னு ரெண்டு வகை இருக்கு, அகலமானதுல ட்ரெபிள் திறந்து கேக்கும், குறுகலானதுல கொஞ்சம் அடங்கி பேஸ் பக்கம் சாயும். உங்க பிரச்சினைக்கு குறுகலானது. நாசில் (டிப் மாட்டுற குழாய் முனை) மேல முழுசா ஏறி உக்கார்ற மாதிரி பாத்து வாங்குங்க, இல்லன்னா டிப் காதுக்குள்ளயே கழண்டுக்கும்.

பட்டறைக்காரன்:

இயர்ஃபோன், ஸ்பீக்கர் ரிப்பேர் தான் என் தொழில். இடது பக்கம் கம்மியா கேக்குதுன்னீங்களே, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

முதல்ல ஒரு சோதனை. இடது பீஸ வலது காதுலயும் வலது பீஸ இடது காதுலயும் மாட்டுங்க. கொஞ்சம் கோணலா உக்காரும் பரவால்ல, கையால பிடிச்சுக்கோங்க. இப்ப கம்மியான சத்தம் எந்தப் பக்கம் போச்சுன்னு பாருங்க. பீஸோட கூடவே நகர்ந்து வலது காதுக்குப் போயிருச்சுன்னா கோளாறு பீஸ்லயோ கேபிள்லயோ. நகராம இடது காதுலயே நின்னா உங்க காதுல தான், காது அழுக்கு அடைச்சிருக்கலாம், அதுக்கு டாக்டர்ட்ட போங்க, பட்ஸ் போட்டு குடையாதீங்க, குடைஞ்சா இன்னும் உள்ள தான் தள்ளும். பீஸ்ல தான் கோளாறுன்னு தெரிஞ்சா கேபிள மட்டும் இடம் மாத்திப் போட்டு மறுபடி பாருங்க, கேபிளா பீஸான்னும் பிரிஞ்சிரும்.

என்கிட்ட ‘ஒரு பக்கம் செத்துருச்சு’ன்னு வர்றதுல பெரும்பாலும் டிரைவர் சாகல, நாசில் வாயில இருக்குற சல்லடை அடைச்சிருக்கும். குறும்பி ஒரு மெழுகு மாதிரி அதுல படிஞ்சு கண்ணுக்கே தெரியாம மூடிரும். டிப்ப கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஓட்டைகள் பளிச்சுன்னு தெரியணும், மங்கலா மினுமினுத்தா அடைப்பு தான். நாசில் கீழ பாக்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு, காஞ்ச மெல்லிசான பிரஷ்ஷால கீழ் நோக்கி தட்டித் தட்டி விடுங்க, உதிர்ற அழுக்கு உள்ள போகாம கீழ விழணும், அதான் அந்தப் பிடி. ஊசி போடாதீங்க, சல்லடை கிழிஞ்சா அடுத்து டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் குடுக்குற தகடு) தான். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போகும். சிலிக்கான் டிப்ப மட்டும் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காய வச்சு மாட்டலாம்.

இன்னும் ரெண்டு எடம் பாக்கணும். போன் செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி உள்ள ஆடியோ பேலன்ஸ்னு ஒரு ஸ்லைடர் இருக்கும், கை பட்டு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது. அங்கயே மோனோ ஆடியோ ஆன் ஆகியிருந்தாலும் அணைச்சிருங்க. அப்புறம் டூ-பின் கேபிள கழட்டி மாட்டுனப்ப ஒரு பக்கம் மட்டும் பின்ன தலைகீழா சொருகிட்டா அந்தப் பக்கத்து ஒலி அலை தலைகீழா மாறிரும், சத்தம் வரும், ஆனா பாடுறவங்க நடுவுல நிக்காம தலை முழுக்க கலைஞ்சு போன மாதிரி கேக்கும். கேபிள்ல இருக்குற புள்ளியோ நிறமோ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருதான்னு பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, மாட்டும்போது ‘சரக்’குன்னு ஒரு மொறமொறப்பு கேட்டா பயப்படாதீங்க, சீல் நல்லா விழும்போது காத்து அழுத்தத்துல டயஃப்ரம் வளையுற சத்தம் அது. மெதுவா மாட்டுனா வராது.

அலைவரிசை:

ஈக்வலைசர் உடையுற விஷயம் இன்னும் யாரும் தொடல, அதனால நான்.

டிஜிட்டல் சத்தத்துக்கு மேல ஒரு கூரை இருக்கு, பூஜ்ஜிய டெசிபெல்னு சொல்வாங்க, அதுக்கு மேல ஒரு இம்மி கூட ஏற முடியாது. இப்ப வர்ற பாட்டெல்லாம் அந்தக் கூரைய ஒட்டியே மாஸ்டர் பண்ணித்தான் வருது. அதுல போய் பேஸ 10 டெசிபெல் தூக்குனா அலை கூரையில இடிச்சு தலை தட்டையாயிரும், நீங்க கேக்குற கரகர அது தான், க்ளிப்பிங். இதத் தவிர்க்க ஒரே வழி, எவ்ளோ தூக்குறீங்களோ அவ்ளோ ப்ரீஆம்ப்ப (ஈக்வலைசர்ல மொத்த சத்த அளவ மாத்துற ஸ்லைடர்) கீழ இறக்கணும். பேஸ் பிளஸ் 6ன்னா ப்ரீஆம்ப் மைனஸ் 6. சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும், வால்யூம் பட்டன்ல ஏத்திக்கோங்க.

ஆனா தூக்குறத விட வெட்டுறது தான் நல்ல பழக்கம். பேஸ் பத்தலன்னு தோணுனா நடுவையும் மேலயும் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, பேஸ் தானா முன்னாடி வந்து நிக்கும். ‘ஸ’ குத்துதுன்னா வால்யூம நல்லா கம்மியா வச்சு 5 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 10 வரைக்கும் மெதுவா ஏறுற ஸ்வீப் டோன் ஒண்ணு போடுங்க, எங்கயோ ஒரு எடத்துல திடீர்னு துள்ளும், அந்த நம்பர குறிச்சு வச்சு பாராமெட்ரிக் ஈக்வலைசர்ல (எந்த எடத்த எவ்ளோ அகலத்துல மாத்தணும்னு நாமளே குறிக்கிற வகை) அங்க மட்டும் குறுகலா மூணு நாலு டெசிபெல் இறக்குங்க. அந்தத் துள்ளல் ஒவ்வொரு காதுக்கும் வேற எடத்துல இருக்கும், அதனால அடுத்தவங்க செட்டிங்ஸ அப்படியே காப்பி அடிச்சா இந்த ஒரு எடத்துல மட்டும் பலிக்காது.

ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு ஆப் இருக்கு, ஆட்டோஈக்யூன்ற ஈக்வலைசர் திருத்தத் தொகுப்புல இருந்து ஆயிரக்கணக்கான மாடலுக்கு திருத்தம் ரெடியா வச்சிருக்கு, உங்க மாடல் பேர தேடி போட்டுக்கலாம். விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ, இலவசம் தான். அந்தத் திருத்தம் எல்லாம் பெரும்பாலும் ஹார்மன் டார்கெட்னு ஒரு கோட்ட நோக்கி இழுக்குறது, ஹார்மன் கம்பெனி ஆராய்ச்சியாளர் ஷான் ஆலிவோட குழு நிறைய பேர உக்கார வச்சு எந்தச் சத்தம் பிடிக்குதுன்னு கேட்டு கேட்டு வரைஞ்ச கோடு, 2019ல வந்த இன்-இயர் வடிவம் தான் இப்ப பரவலா பயன்படுது. அது பெரும்பான்மைக்குப் பிடிச்ச கோடு, உங்களுக்கும் பிடிச்சே ஆகணும்னு இல்ல, அங்க இருந்து ஆரம்பிச்சு உங்க காதுக்கு நகர்த்திக்கோங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. போன்ல ஒரு ஈக்வலைசர், பாட்டு ஆப்ல ஒண்ணு, அதுக்கு மேல சரவுண்ட் எஃபெக்ட்னு மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஓடும், எல்லாத்தையும் அணைச்சு ஒண்ணே ஒண்ண வச்சுக்கோங்க. ஆப்ல ஸ்ட்ரீமிங் குவாலிட்டி ‘ஆட்டோ’வுலயோ டேட்டா சேவர்லயோ இருந்தா அதையும் ஏத்துங்க, ஸ்பாட்டிஃபைல ‘வெரி ஹை’ போட்டா 320 கேபிபிஎஸ் வரைக்கும் வருது.

மழைத்துளி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கல. ரெண்டு நாளா ஒண்ணொண்ணா பண்ணிப் பாத்தேன்.

முதல்ல பட்டறைக்காரன் அண்ணா சொன்ன மாத்தி மாட்டுற சோதனை. கம்மியான சத்தம் பீஸோட கூடவே வலது காதுக்கு வந்துருச்சு, கேபிள மாத்துனா அசையல. டிப்ப கழட்டிப் பாத்தா சல்லடையில பாதி மூடியிருக்கு! கீழ பாக்க வச்சு பிரஷ்ஷால அஞ்சு நிமிஷம் தட்டுனேன், இப்ப ரெண்டு பக்கமும் சமம்.

அப்புறம் டிப். இடதுல லார்ஜ், வலதுல மீடியம். மடல இழுத்து திருகி மாட்டுனேன். முதல் பாட்டுலயே அப்படியே உக்காந்துட்டேன், பேஸ் கிட்டார் ஒவ்வொரு நோட்டும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கேக்குது, ஒரு மாசமா இத கேக்காமலே இருந்திருக்கேனேன்னு இருந்துச்சு. பேஸ் பூஸ்ட் அணைச்சாச்சு, கரகர போச்சு. வால்யூம் பாதிக்குக் கீழ வந்துருச்சு. ‘ஸ’ முன்ன விட நல்லா குறைஞ்சிருக்கு, ஆனா சில பெண் குரல்ல இன்னும் லேசா இருக்கு, ஃபோம் டிப் வாங்கிப் பாக்குறேன்.

இப்ப அந்த டிஏசியும் பர்ன்-இன்னும் வேணுமா வேணாமா?

தேன்சிட்டு:

என் அனுபவத்துல டிஏசி பெரிய வித்தியாசம் குடுத்துச்சு. என் பழைய லேப்டாப்ல நேரா சொருகுனா அமைதியான எடத்துல எல்லாம் ‘ஸ்ஸ்’ஸுன்னு பின்னாடி ஒரு இரைச்சல், மவுஸ் நகர்த்துனா கூட ஒரு கீச்சல் வரும், வெளி டிஏசி போட்டதும் அப்படியே கருப்பா அமைதி ஆயிருச்சு, அதுக்கப்புறம் புல்லாங்குழல் ஊதுறவங்க மூச்சு வாங்குறது கூட கேட்டுச்சு. அதனால தேவையே இல்லன்னு ஒதுக்கிற வேணாம்னு தான் சொல்வேன். பர்ன்-இன்ல எனக்கு நம்பிக்கை பாதி தான்.

செவிவழி:

மழைத்துளி, படிக்கவே சந்தோஷமா இருக்கு. 

தேன்சிட்டு சொன்னது உண்மை, அவங்க லேப்டாப்ல இரைச்சல் இருந்துச்சு, டிஏசி அதத் தீர்த்துச்சு. கேள்வி என்னன்னா உங்ககிட்ட அந்த நோய் இருக்கான்னு தான். பாட்டு நிறுத்திட்டு அமைதியா இருக்குற ரூம்ல கேளுங்க, இரைச்சல் இல்ல, வால்யூமும் பாதியிலயே போதுமானதா இருக்குன்னா உங்க டாங்கிளே ஒரு டிஏசியும் ஆம்ப்பும் தான், அது தன் வேலைய ஒழுங்கா செய்யுது.

டிஏசி மாத்துனா நிஜமாவே சத்தத்தோட குணம் மாறுற ஒரு சந்தர்ப்பம் இருக்கு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர்ன்ற வேற வகை டிரைவர் நிறைய வச்ச இன்-இயர்ல இம்பிடன்ஸ் (மின்சாரத்துக்கு குடுக்குற தடை) ஒரே அளவா இருக்காது, ஒரு ஃப்ரீக்வென்சியில 10 ஓம், இன்னொண்ணுல 60 ஓம்னு ஏறி இறங்கும். சொருகுற மெஷினோட அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகமா இருந்தா இந்த ஏத்த இறக்கம் அப்படியே சத்தத்துல வந்துரும். அதனால இயர்ஃபோன் இம்பிடன்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ அவுட்புட் இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. உங்களது ஒத்த டைனமிக் டிரைவர், அதோட இம்பிடன்ஸ் கோடு பெரும்பாலும் தட்டையா தான் இருக்கும், இந்தப் பிரச்சினை உங்களத் தொடாது.

பர்ன்-இன் பத்தி என் கருத்து நேரா சொல்லிர்றேன், மாறுறது பெரும்பாலும் நம்ம மூளை. புதுச் சத்தத்துக்கு சில நாள்ல பழகிரும், அது நிஜமான மாற்றம் தான், ஆனா டிராயர்ல போட்டு 100 மணி நேரம் ஓட விட்டா அது வராது, நீங்க கேட்டாத்தான் வரும். அப்புறம் எத எதோட ஒப்பிட்டாலும் ரெண்டையும் ஒரே சத்த அளவுல வச்சு ஒப்பிடுங்க. ஒரு டெசிபெல் கூட இருந்தாலே அது தான் நல்லா இருக்குன்னு காது சொல்லிரும், நான் அப்படி ஏமாந்து வாங்குன பொருள் ரெண்டு இருக்கு.

கார்முகில்:

நடுவுல நுழையறேன் மன்னிக்கணும். எனக்கு ரெண்டு பிரச்சினை. வயர் இயர்ஃபோன்ல சில நேரம் பாடுறவங்க குரல் மட்டும் காணாமப் போயிருது, இசை மட்டும் எங்கயோ தூரத்துல எதிரொலியோட கேக்குது. ப்ளூடூத் ஒண்ணும் இருக்கு, போன்ல அருமை, லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்ச உடனே பழைய டெலிபோன் மாதிரி ஆயிருது. ரெண்டும் பழுதா?

பட்டறைக்காரன்:

குரல் காணாமப் போறது ஜாக் முழுசா உக்காரல தம்பி. கிரவுண்ட் தொடர்பு விட்டுப் போனா ரெண்டு டிரைவரும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கிட்டு இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தான் கேக்கும். குரல் எப்பவும் ரெண்டு பக்கமும் சமமா நடுவுல இருக்கும், அதனால அது அடிபட்டுப் போயிரும். போன் கவர் தடுக்குதான்னு பாருங்க, ஜாக் ஓட்டைக்குள்ள பஞ்சும் தூசியும் சேந்திருந்தா போன அணைச்சிட்டு மரக்குச்சியால மெதுவா எடுங்க. அப்படியும் போகலன்னா கேபிள் ஜாக் ஓரத்துல உள்ள அறுந்திருக்கு.

அலைவரிசை:

ரெண்டாவதுக்கு நான். பழுது இல்ல. ப்ளூடூத் கிளாசிக்ல பாட்டுக்கு ஏ2டிபின்னு ஒரு பாதை, அது ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனா ஒரு வழி மட்டும். மைக் வேணும்னா எச்எஃப்பின்ற இன்னொரு பாதைக்கு மாறணும், அதுல மோனோ தான், அதுவும் பெரும்பாலும் 8 இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட். மீட்டிங் ஆப் மைக்கத் திறந்த நொடி லேப்டாப் அந்தப் பாதைக்குத் தாவுது. தீர்வு சுலபம், மீட்டிங் செட்டிங்ஸ்ல மைக்க லேப்டாப்போட சொந்த மைக்கா மாத்துங்க, ஸ்பீக்கர மட்டும் இயர்ஃபோன்ல ஸ்டீரியோவா வைங்க.

கோடெக் (ப்ளூடூத்ல சத்தத்த சுருக்கி அனுப்புற முறை) பத்தியும் அடுத்து கேப்பீங்க, அதனால சொல்லிர்றேன். ஆப்பிள் போன்ல ஏஏசி வரைக்கும் தான் கிடைக்கும், எல்டாக் இல்ல. ஆண்ட்ராய்டுல 8.0ல இருந்து எல்டாக் இருக்கு, 330, 660, 990 கேபிபிஎஸ்னு மூணு படி, கூட்டமான எடத்துல 990ல சத்தம் விட்டு விட்டு வரும், 660க்கு இறக்குங்க. ஆனா டிப் சரியா உக்காராத இயர்பட்ல கோடெக் மாத்துறது வீண் வேலை.

நடுநிசி கேட்பாளர்:

மழைத்துளி, நீங்க முதல்ல எழுதுனதுல வால்யூம் கிட்டத்தட்ட முழுசு, ராத்திரி காது களைச்சுப் போகுதுன்னு இருந்துச்சு, அது என் மனசுல நின்னுக்கிட்டே இருக்கு. எனக்கு வலது காதுல நாலு வருஷமா ‘ஈ’ன்னு ஒரு சத்தம், அமைதியான எடத்துல தூங்கப் போனா அது மட்டும் தான் கேக்கும். வெளி இரைச்சல்ல பயணம் பண்ணும்போது அத அமுக்குறதுக்காகவே வால்யூம ஏத்தி ஏத்தி கேட்டு வந்தது. சரியா அடைக்காத டிப்போட தான் அத்தனை வருஷமும் கேட்டேன், அடைச்சிருந்தா வெளிச்சத்தம் பாதி அங்கயே நின்னிருக்கும், நான் ஏத்தியிருக்கவே வேண்டியதில்ல.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு, 80 டெசிபெல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 90 டெசிபெல்ல வாரம் முழுசுக்கும் 4 மணி நேரம் தான். ஐபோன்ல ஹெல்த் ஆப்ல ஹெட்ஃபோன் சத்த அளவு பதிவாகும், வயர் இயர்ஃபோனுக்கு அது தோராயம், இருந்தாலும் எந்தப் பக்கம் போறோம்னு தெரியும்.

வால்யூம் குறைச்சா பேஸ் கம்மியா தோணும், அது உங்க இயர்ஃபோன் குறை இல்ல, மனுஷக் காது அப்படித்தான், 1933லயே ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டியிருக்காங்க. சத்தம் குறையக் குறைய தாழ்ந்த ஸ்வரம் நம்ம காதுக்கு மத்ததை விட வேகமா மங்கும். அப்படி கம்மி வால்யூம்ல கேக்கும்போது மட்டும் பேஸ மூணு நாலு டெசிபெல் தூக்கிக்கோங்க, ப்ரீஆம்ப்ப இறக்கிட்டு. அத தப்பா நினைக்கத் தேவையில்ல.

மழைத்துளி:

அண்ணா, உங்க காது பத்தி படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. டாக்டர்ட்ட காட்டியிருப்பீங்கன்னு நம்புறேன்.

ஃபோம் டிப் வந்துருச்சு. உருட்டி விட்டு அரை நிமிஷம் பிடிச்சேன், ‘ஸ’ முழுசா அடங்கிருச்சு, ஆனா சிம்பல் பளபளப்பும் கொஞ்சம் போன மாதிரி இருக்கு. அதனால வெளிய போகும்போது ஃபோம், வீட்டுல ராத்திரி கேக்கும்போது சிலிக்கான். ஸ்வீப் போட்டுப் பாத்ததுல எனக்கு 7.6 கிலோஹெர்ட்ஸ்ல துள்ளுது, அங்க மூணு டெசிபெல் இறக்கியிருக்கேன், ப்ரீஆம்ப் மைனஸ் 4, பேஸ் பிளஸ் 3. டிஏசி வாங்கல. அமைதியா இருக்குற ரூம்ல இரைச்சல் இருக்கான்னு கேட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல.

ஒரு சின்ன சந்தேகம் மட்டும் மிச்சம், நடக்கும்போது கேபிள் சட்டையில உரசுற சத்தம் உள்ள ‘கர்ர்’ருன்னு கேக்குது, சீல் நல்லா ஆனதுல இருந்து தான் இது.

செவிவழி:

அது சீல் ஆனதோட அடையாளம் தான். கேபிள காதுக்கு மேல சுத்தி பின்னாடி வழியா விடுங்க, தாடைக்குக் கீழ இருக்குற சின்ன ஸ்லைடர மேல ஏத்துங்க, சட்டை கிளிப் ஒண்ணு போடுங்க. முக்கால்வாசி போயிரும்.